சாவிக்கு விருப்பம் இல்லை

1

போன வாரம் ஒரு காலையில், நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் என் கார் என்னை உள்ளே விட மறுத்துவிட்டது. சாவியின் பொத்தானை அழுத்தினேன். வழக்கமாகக் கண்ணைச் சிமிட்டி 'கிளுக்' என்று வரவேற்கும் வண்டி, யாரோ எவரோ என்பது போல நின்றது. பக்கத்தில் போய் அழுத்தினேன். சுற்றி வந்து அழுத்தினேன். எதிர் இடத்தில் காரை நிறுத்தும் பெண்மணி, ஒருவன் காலை வேளையில் தன் வண்டியைப் பிரதட்சிணம் செய்வதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வணக்கம் சொல்லிப் போனார். இங்கே யாரும் யாரையும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

மேலே வந்து பழுது பார்க்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசினேன். ஜெர்மனிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. பல் வைத்தியரிடமும் வரி அலுவலகத்திலும் தடுமாறாமல் பேசுவேன். ஆனால் பதற்றம் வந்தால் ஜெர்மன் என்னை விட்டுப் போய்விடும். "வெளியே பூட்டப்பட்டுவிட்டேன்" என்று சொல்ல நினைத்து, "அவுஸ்கெஷ்லோஸன்" என்றேன். மறுமுனையில் இருந்த பெண் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். பிறகு மிகவும் கனிவான குரலில், "யாரால்?" என்று கேட்டார்.

"என் காரால்" என்றேன்.

"அப்படித் தோன்றும்போது வருத்தமாகத்தான் இருக்கும்" என்றார் அவர்.

நான் சொன்னது, 'என்னை ஒதுக்கி வைத்துவிட்டார்கள்' என்று பொருள்படும் வார்த்தை. சரியான வார்த்தை வேறு. அவரே சொல்லிக் கொடுத்தார். பிறகு ஒருவர் வந்து சாவியைத் திறந்து, பொத்தான் போன்ற பாட்டரியை மாற்றினார். கார் திறந்தது. அவர் நீட்டிய படிவத்தில் 'பழுதுக்கான காரணம்' என்ற இடத்தில் 'பயன்படுத்துபவர்' என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் இதை வீட்டில் சொன்னபோது என் மகள் யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் கண்ணனின் கல்யாணம் நினைவுக்கு வந்துவிட்டது. நடந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். என் அத்தான் சொல்லும் கதையில் என் பங்கு மாதா மாதம் குறைந்துகொண்டே வருகிறது. முழுவதும் மறைந்து போவதற்குள், நடந்ததை நடந்தபடி ஊரில் இருப்பவர்களுக்கு எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

2

கண்ணன் என் அக்கா பகவதியின் ஒரே மகன். நாகர்கோவிலில் ஒரு வங்கியில் வேலை. அக்காவுக்கும் தாணு அத்தானுக்கும் சுசீந்திரத்தில் வீடு. வாசலில் நின்றால் எதிரே வயல். அத்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பால் பொங்கினால்கூட அதற்கு மூன்று காரணம் சொல்லிவிட்டுத்தான் அடுப்பை அணைப்பார்.

பெண் ஸ்ரீஜாவுக்குக் குலசேகரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அப்பா இல்லை. தாய்மாமன் ராஜப்பன்தான் வளர்த்து ஆளாக்கினார். ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் வியாபாரி. குரல் கனமான மனிதர்.

ஸ்ரீஜாவுக்கு அதற்கு முன்னால் ஒரு கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் வரைக்கும் போய் நின்றுவிட்டது. அன்று காலை மாப்பிள்ளை வீட்டார் 'வண்டி பஞ்சர், இதோ வாறோம்' என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த போனில், 'மெக்கானிக் வந்துட்டான்.' அதற்கடுத்த போனை எடுக்கவில்லை. இந்தப் பெண் பட்டும் நகையும் மாலையுமாக, மத்தியானம் வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். பையன் வேறு யாரையோ விரும்பியது பிறகுதான் தெரிய வந்தது. கண்ணன் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் 'எனக்கு இந்தப் பொண்ணுதான்' என்று நின்றான்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகத்தில் எந்த வீட்டாரிடமும் 'வண்டி கிளம்பவில்லை' என்று சொல்லிவிடலாம். அந்த ஒரு வீட்டாரிடம் மட்டும் சொல்லக்கூடாது.

3

கல்யாணம் குலசேகரத்தில், பெண் வீட்டார் பார்த்த மண்டபத்தில். முகூர்த்தம் பத்தரைக்கு மேல். நாகர்கோவில், தக்கலை வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தோம். சொந்தக்காரர்களை விடிந்ததும் இரண்டு வேன்களில் அனுப்பியாயிற்று. என் மனைவியும் அதில் போய்விட்டாள். வீட்டில் மிஞ்சியது அக்கா, அத்தான், கண்ணன், நான், யாழினி. வண்டிகள் இரண்டு: பூச்சரம் சுற்றிய கண்ணனின் புதுக் கார், நான் வாடகைக்கு எடுத்திருந்த கார். இரண்டும் சாவியைத் திருக வேண்டாத வகை. சாவி சட்டைப் பையில் இருந்தால் போதும்; பொத்தானை அழுத்தினால் ஓடும்.

கண்ணன் தாலியும் முகூர்த்தப் புடவையும் வைத்த தட்டைத் தன் கார் சீட்டில் வைத்தான். செல்போனை அங்கேயே சார்ஜில் போட்டான். பர்ஸையும் வைத்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டிவிட்டுப் பட்டு வேட்டியைச் சரிசெய்ய உள்ளே போனான். அந்தச் சமயத்தில் அத்தான் வாசலில் சாய்ந்துகிடந்த வாழை மரங்களை நிமிர்த்தி, கேட் தூண்களோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். எல்லாம் முடிந்து கிளம்பலாம் என்று வந்தால், கார் திறக்கவில்லை.

"மாமா, திறக்க மாட்டங்கு" என்றான் கண்ணன்.

"பேட்டரி. வேற என்ன?" என்றார் அத்தான். அக்காவின் சமையலறை டிஜிட்டல் தராசில் அதே வகைப் பாட்டரி இருந்தது. அதைக் கழற்றிச் சாவியில் போட்டார். பொத்தானை அழுத்தியபோது சாவியில் சிவப்பு விளக்கு முன்பைவிடப் பிரகாசமாக எரிந்தது. கார் அசையவில்லை.

"லைட்டு எரியுகுல்லா? அப்ப சாவி பேசுகு. காருக்குத்தான் காது கேக்கல்ல" என்று முடிவு சொன்னார்.

நான் என் வாடகைக் காரின் பொத்தானை அழுத்தினேன். அதற்கும் காது கேட்கவில்லை.

இப்போது எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜெர்மனியில் ரொட்டி அடுப்பு செய்யும் கம்பெனிக்கு ரசீது அச்சடிக்கும் மென்பொருள் எழுதுகிறவன். ஊரில் அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜெர்மனி என்றால் கார். ஆகவே நான் கார் செய்கிறவன்.

"மாப்ள, நீ சொல்லு. நீ பாக்காத காரா?" என்றார் அத்தான்.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இந்த மாதிரிச் சாவிக்குள் அவசரத்துக்கு ஒரு சின்ன இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை உருவிக் கதவைத் திறக்கலாம். இதைச் சொன்னதும் அக்காவின் முகத்தில் பெருமை பொங்கியது. கண்ணனின் சாவியின் பின்பக்கத்தைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே காலி.

"அந்த இரும்புத் துண்டா மாமா? தொலஞ்சிரக்கூடாதுன்னு டேஷ்போர்டுக்குள்ள பத்திரமா வச்சிருக்கேன்."

"இன்னொரு சாவி?"

"அதுவும் டேஷ்போர்டுலதான் கெடக்கு."

வாடகைக் காரின் சாவியைத் திறந்து பார்த்தேன். இரும்புச் சாவி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஊதுபத்திக் குச்சியை ஒடித்துச் செருகியிருந்தார்கள்.

செல்போனில் ஜெர்மன் இணைய மன்றம் ஒன்றில் தேடினேன். இதே பிரச்சினையை ஒருவர் கேட்டிருந்தார். நீண்ட விளக்கத்துக்குப் பிறகு பதில் இப்படி முடிந்தது: 'வண்டியை வேறு இடத்துக்கு ஓட்டிச் சென்று, அங்கே கதவு திறக்கிறதா என்று பார்க்கவும்.'

கண்ணாடியை உடைக்கலாம் என்றேன். அக்கா என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "தாலி இருக்க வண்டியில கண்ணாடிய ஒடைக்கியா? நல்ல நாளும் அதுவுமா ஒனக்கு வாயில வேற வார்த்த வரல்லியா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு சிதம்பரம் வந்தார். மாடு வளர்ப்பவர், நெல் வியாபாரமும் உண்டு. "நா எதுக்குடே இருக்கேன்?" என்று தன் காரைக் கொண்டுவந்து கேட்டுக்குள் ஏற்றி நிறுத்தினார். வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, அக்காவின் பழத்தட்டுகளைப் பின்னால் அடுக்கினார். திரும்பி ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். திரையில் 'சாவி இல்லை' என்று வந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, பஸ்ஸில் பாஸ் காட்டுவது போலத் திரைக்கு நேரே காட்டினார்.

"இந்தா இருக்குல்லாலே! கண்ணு தெரியல்லியா?"

திரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அத்துடன் வழியும் அடைபட்டது. அத்தானின் ஸ்கூட்டர் மூன்று கார்களுக்கும் பின்னால் சிக்கிக்கொண்டது. டாக்சிக்கு எங்கெங்கோ போன் செய்தோம். அன்று பெரிய முகூர்த்த நாள். மாவட்டத்தில் சக்கரம் உள்ள எல்லாம் ஏதோ ஒரு மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

4

இந்த இடத்தில் யாழினியின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் ஜெர்மனியில். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. சிறுவயதில் வீட்டில் தமிழ்தான் பேசினாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின், நாங்கள் தமிழில் கேட்க, அவள் ஜெர்மனில் பதில் சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். ஒருநாள் திடீரென்று நடப்பதில்லை. ஒரு நாள் 'தண்ணி' போகும், இன்னொரு நாள் 'பசிக்குது' போகும். நாம் கவனிக்கும்போது 'அப்பா' மட்டும் மிச்சம் இருக்கும். ஊருக்குப் போனால் தமிழில்தான் பேச வேண்டும் என்று நான்தான் அவளைக் கட்டாயப்படுத்தியிருந்தேன். அவள் ஜெர்மனில் நினைத்து, மனதுக்குள் பெயர்த்து, தமிழில் இறக்கிவைப்பாள்.

ஜெர்மன் மொழியில் ஒரு விசித்திரம் உண்டு. உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. சாப்பாட்டு மேசையில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கரண்டியைத் தேடினால் 'அவன் எங்கே?' என்றுதான் கேட்பார்கள். இயந்திரம் ஏதாவது மக்கர் பண்ணினால், 'வேலை செய்யவில்லை' என்பதற்குப் பதிலாக 'விருப்பம் இல்லை' என்று சொல்வதும் அங்கே வழக்கம்.

சாவி அந்த மொழியில் ஆண்.

5

அத்தானின் செல்போன் அடித்தது. ராஜப்பன்.

"சம்பந்தி, எங்க எத்தியாச்சு?"

அத்தான் எங்களை ஒரு முறை பார்த்தார். வண்டி திறக்கவில்லை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லிக்கொடுத்த வாய், "தக்கல தாண்டியாச்சு" என்றது. அந்த நேரம் பார்த்து எதிர் வயலில் எவனோ, "எலே, நம்ம சுசீந்திரத்து வயலுக்குத் தண்ணி விட்டாச்சா?" என்று உரக்கக் கத்தினான். அத்தான் போனைப் பொத்தினார்.

ராஜப்பனுக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ, சற்று நேரத்தில் உள்ளே அக்காவின் போன் அடித்தது. பக்கத்தில் யாழினி மட்டும்தான் இருந்தாள். எடுத்தாள். பேசியது ஸ்ரீஜா. இரண்டு பக்கமும் என்ன பேசினார்கள் என்பதைப் பிறகு இருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"ஆரு, யாழினியா? எங்க மோளே இருக்கீங்க?"

யாழினிக்குப் பொய் சொல்லத் தெரியாது. தமிழில் பொய் சொல்லும் அளவுக்கு அவளிடம் தமிழும் இல்லை.

"வீட்டுல அக்கா."

"ஏன்? இன்னும் இறங்கல்லியா?"

"அவனுக்கு விருப்பம் இல்ல."

ஸ்ரீஜாவுக்குப் புரியவில்லை என்று நினைத்து, யாழினி இன்னும் தெளிவாக விளக்க முயன்றாள்.

"எல்லாரும் அழுத்திப் பாத்தாங்க. மாமா அழுத்தினார், அப்பா அழுத்தினார். ரொம்ப அழுத்தினாங்க. ஆனா அவனுக்கு விருப்பம் இல்ல."

போன் துண்டிக்கப்பட்டது. யாழினி வாசலுக்கு வந்து, "ஸ்ரீஜாக்கா போன் பண்ணினாங்க. நான் உண்மையச் சொன்னேன்" என்றாள். கண்ணன் அவளை உட்காரவைத்து, என்ன சொன்னாய் என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டான்.  அக்காவின் போனை எடுத்து ஸ்ரீஜாவைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. ராஜப்பனைக் கூப்பிட்டான். அவரும் எடுக்கவில்லை. மண்டபத்தில் இருந்த என் மனைவியைக் கூப்பிட்டான். அவள் எடுத்து, "இங்க ஒரே சத்தமா இருக்கு. பொண்ணோட மாமா ஜீப்பை எடுத்துக்கிட்டு எங்கயோ கிளம்பிட்டார். என்ன நடக்குது அங்க?" என்றாள்.

யாழினிக்கு அப்போதுதான் தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிந்தது. அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். அதைப் பார்ப்பது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

6

அத்தான் ஒரு முடிவுக்கு வந்தார். உள்ளே போய் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துவந்து, கண்ணனின் கார் ஜன்னல் இடுக்கில் செருகி அசைத்தார். அடுத்த நொடி கார் அலறத் தொடங்கியது. திருடன் வந்தால் அலறும் அலாரம் அது. நிறுத்த வேண்டுமானால் சாவியை அழுத்த வேண்டும். சாவி சொல்வதைத்தான் அது கேட்பதில்லையே.

தெருவே கூடிவிட்டது. ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து டயருக்கடியில் வைத்தார். 'வண்டி நகரணும்லா ஓய் அதுக்கு' என்று இன்னொருவர் திருப்பி எடுத்துவிட்டார். மூன்றாமவர் சாட்டிலைட் என்றார். காதைப் பொத்திக்கொண்டு நான் நின்றபோது கண்ணன் என் தோளைத் தொட்டு ஏதோ சொன்னான். "மாமா, நா முன்னால போறேன்" என்பது மட்டும் கேட்டது. வாசல் முன்னால் போகிறான் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அலாரம் மூச்சு வாங்கிய ஓர் இடைவெளியில் அக்கா கத்தினாள்.

"மாப்பிள்ளையக் காணல்ல!"

முன்னால் இல்லை. பின்னால் இல்லை. மாடியில் இல்லை. கிணற்றைக்கூட எட்டிப் பார்த்தார்கள். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தப் பிள்ள சொன்னது நெசமாயிற்றே மாப்ள. அவனுக்கு விருப்பம் இல்ல போலயே" என்றார் மெல்ல.  'முன்னால போறேன்' என்றால் 'உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன்' என்றும் அர்த்தம் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. ஆனால் எங்கே? குலசேகரத்துக்கா, வேறெங்கோவா? செல்போன், பணம், செருப்புகூட இல்லாமல் ஒருவன் எங்கே போவான்?

7

பிறகு நடந்ததுதான் அத்தான் எல்லோரிடமும் சொல்லும் பகுதி.

கண்ணனின் கார்ச் சாவி அத்தான் கையில். வாடகைக் காரின் சாவி என் கையில். சிதம்பரத்தின் சாவி அவர் கையில். மூவரும் வேறு வழி தெரியாமல் அழுத்திக்கொண்டே நின்றோம். அழுத்தினால் திறக்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது. அழுத்தாமல் இருந்தால் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. அப்போது சிதம்பரத்தின் பசு, கட்டு அவிழ்ந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கேட்டருகே போய், இடதுபக்க வாழையின் இலையைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தது. கயிறு நழுவி, மரம் குலையோடு சாய்ந்து விழுந்தது.

மூன்று கார்களும் ஒரே நேரத்தில் கண்ணைச் சிமிட்டின. 'கிளுக் கிளுக்' என்று கதவுகள் திறந்தன. அலாரம் நின்றது. சிதம்பரத்தின் வண்டியில் பின்கதவு தானாக மேலே எழும்பியது.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் சுசீந்திரத்தில் கேட்டதில்லை. அத்தான் பசுவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டார்.

நான் தூணைப் பார்த்தேன். வாழை மரம் ஒட்டியிருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான்.

"அக்கா, இது என்னது?"

"அதுவா? அத்தான் ஆன்லைன்ல வாங்குன காலிங் பெல்லு. ஒயரு இல்லாதது. ஆளு இல்லாமலே தன்னால அடிச்சுகிட்டு இருந்து. சனியன்னு உள்ள இருந்த பெட்டியில பேட்டரியக் கழத்தி மூலையில போட்டுட்டேன்."

உள்ளே மணி செத்துவிட்டது. வெளியே பொத்தானுக்கு உயிர் இருந்தது. அத்தான் இறுக்கிக் கட்டிய வாழைத்தண்டு, அந்தப் பொத்தானைக் காலையிலிருந்து அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறது. காதுக்குக் கேட்காத அலைவரிசையில் அது விடாமல் அலற, அதே அலைவரிசையில் பேசும் கார்ச் சாவிகளின் குரல் எதுவும் எடுபடவில்லை. சிதம்பரத்தின் கார் அந்த எல்லைக்குள் வந்ததும் அதுவும் செவிடாகிவிட்டது.

இதை ஒரு மூச்சில் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பசுவுக்குப் பழம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

8

சிதம்பரம் தன் காரை வெளியே எடுத்து வழிவிட்டுவிட்டு, கண்ணனின் காரை ஓட்டினார். கண்ணன் மண்டபத்துக்குத்தான் போயிருப்பான் என்று நம்பி அக்காவும் அத்தானும் அதில் ஏற, நானும் யாழினியும் வாடகைக் காரில் பின்னால் போனோம். வழி முழுக்க யாழினி ஒரு வார்த்தை பேசவில்லை. வில்லுக்குறி தாண்டும்போது மட்டும், ஜெர்மனில், "இனி நான் தமிழ் பேசமாட்டேன் அப்பா" என்றாள். நான் முன்னால் போன காரின் பூச்சரத்தைப் பார்த்து ஓட்டினேன். 

தக்கலைப் பேருந்து நிலையத்துக்கு முன்னால் போக்குவரத்து நின்றிருந்தது. கூட்டம். கையில் செல்போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு ஜீப் குறுக்காக நின்றது. அதற்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில், தலைநிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாக ஸ்ரீஜா. பக்கத்தில் பட்டு வேட்டியும் வெறுங்காலுமாகக் கண்ணன். இருவர் கையிலும் பழம்பொரி, அந்தப் பக்கத்து நேந்திரம்பழ பஜ்ஜி.

நடந்தது இதுதான். யாழினி சொன்னதைக் கேட்டதும் ராஜப்பன் ஜீப்பை எடுத்திருக்கிறார். ஸ்ரீஜா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறங்கு என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. "ஒரு தடவ நாற்காலியில இருந்து காத்திருந்தாச்சு. இந்தத் தடவ நானே போய்க் கேக்கேன்" என்றாளாம். இந்தப் பக்கம் கண்ணன் மெயின் ரோட்டுக்கு ஓடி, நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்து, அங்கே களியக்காவிளை பஸ்ஸில் மாறி ஏறியிருக்கிறான். கையில் காசு இல்லை. முதல் பஸ்ஸில் கண்டக்டர், "ஓசி பொம்பளைகளுக்குத்தான், மாப்பிள்ளைகளுக்குக் கெடையாது" என்றாராம்; பக்கத்தில் நின்ற ஒருவர் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டாவது பஸ் கண்டக்டர் நல்லவர். "போட்டும், மொய்யா வச்சுக்க" என்று விட்டுவிட்டார். குலசேகரம் பஸ்ஸுக்கு மாறத் தக்கலையில் இறங்கியவனைத்தான் ஸ்ரீஜா ஜீப்பிலிருந்து பார்த்திருக்கிறாள்.

இறங்கி வந்து நேரே அவன் முன்னால் நின்றாளாம். "விருப்பம் இல்லேன்னா எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லணும். பிள்ளையள விட்டுச் சொல்லப்படாது."

"விருப்பம் இல்லாதவனா செருப்பில்லாம பஸ்ஸுல தொங்கிட்டு வாறேன்?" என்று கேட்டிருக்கிறான் கண்ணன். அவன் ஒரு கால் பெருவிரலில் ரத்தம் வந்துகொண்டிருந்ததாம். அவள் அதைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்றாளாம்.

ராஜப்பன் அவ்வளவு எளிதில் விடுபவராக இல்லை. எங்களைப் பார்த்ததும் மீசை துடிக்க வந்தார். "எல்லாம் செரி. விருப்பம் இல்லேன்னு உங்க வீட்டுப் பிள்ள சொன்னதுக்கு அர்த்தம் என்ன? அத இப்ப அறியணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் யாழினி காரிலிருந்து இறங்கினாள். தமிழ் பேசமாட்டேன் என்றவள், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், தன் உடைந்த தமிழில் சொன்னாள்.

"அவன்னா கண்ணன் அத்தான் இல்ல. அவன்னா சாவி. ஜெர்மன்ல சாவி ஆண். மன்னிச்சுருங்க. தப்பு என்னோடது."

ராஜப்பன் நெற்றியைச் சுருக்கினார். "சாவி ஆணா?"

"ஆமா."

"அப்ப பூட்டு? அது பெண்ணா இருக்குமே?"

"இல்ல. அது... ரெண்டும் இல்ல."

"கதவு?"

"கதவு பெண்."

ராஜப்பன் ஆழ்ந்து யோசித்தார். கோபத்தோடு வந்தவர், கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடுவது போல இருந்தது. "இதுக்கெல்லாம் ஆரு பேரு போட்டாவ? ஒரு மொறையும் இல்லியே" என்றார். கூட்டத்தில் ஒருவர், "கார் என்னவாம், கேளும்" என்றார். ஸ்ரீஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை தொடங்கியபின் அவளால் நிறுத்த முடியவில்லை. கண் மை கன்னத்தில் வழிய, பழம்பொரியைக் கையில் பிடித்தபடி, தக்கலை நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

பிறகு யாரும் யாரையும் கேட்காமல், ஸ்ரீஜா கண்ணனின் காரில் ஏறிக்கொண்டாள். தாலிகட்டுக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் வரலாமா என்று ராஜப்பன் தொடங்கினார். "மாமா, இனி நா இவர எறக்கி விட்டுட்டு வேற வண்டியில வரமாட்டேன்" என்றாள் அவள். முகூர்த்தம் முடியச் சற்று முன்பாக மண்டபத்தில் நுழைந்தோம். தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் காலில் ஒரு துண்டுத் துணி சுற்றியிருந்தது. பெண்ணின் முகத்தில் மை இரண்டு கோடாக இருந்தது. கல்யாணப் படங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது.

9

யாழினி அதற்குப் பிறகும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. யார் என்ன கேட்டாலும் தலையை ஆட்டினாள். நான் கெஞ்சினேன், அவள் அம்மா அதட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. இதோடு அந்த மொழி போய்விட்டது என்றே நினைத்தேன். ஒரு கட்டத்தில், போனால் போகட்டும், பிள்ளை சிரித்தால் போதும் என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் நாள் ஸ்ரீஜா சக்கைப்பழத்தை, அதாவது பலாவை, அரிந்து தட்டில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மோளே, இந்தச் சக்க அங்க அவனா, அவளா?"

யாழினி தரையைப் பார்த்தபடி, "அவள்" என்றாள்.

"இந்த வாரியல்?"

"அவன்."

"கொள்ளாம்! வாரியல் ஆணா? எத்தான், கேட்டியளா? இனி முற்றம் பெருக்குகது நீங்கதான்." உள்ளிருந்து கண்ணன் ஏதோ முனகினான். யாழினி சிரித்துவிட்டாள். பிறகு அந்த வீட்டில் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் இருவருமாக ஆண் பெண் பார்த்தார்கள். நாங்கள் விமானம் ஏறும் வரைக்கும் அது ஓயவில்லை.

திரும்பி வந்தபின், அவர்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒரு வருடமாக ஒரு ஞாயிறும் தப்பவில்லை. யாழினியின் அறைக் கதவு வழியாகத் தமிழ் கேட்கிறது. வேகமாக, பாட்டுப் போல, நடுவில் சிரிப்போடு. ஆனால் அது என் வீட்டுத் தமிழ் இல்லை. முழுக்கக் குலசேகரத்துத் தமிழ். 'என்னோட' என்று நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் போய், 'எனக்க' வந்துவிட்டது. என் மனைவி அவளைக் கூப்பிட்டால், 'இந்நா வாறேன்' என்கிறாள்.

நேற்று ஞாயிறு. முதல் கல்யாண நாளுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று நானும் போன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். லைன் விட்டுவிட்டு வந்தது. ஸ்ரீஜா என்னிடம் ஏதோ வேகமாகச் சொன்னாள். அதில் 'வெப்ராளம்' என்ற ஒரு வார்த்தை கேட்டது. சின்ன வயதில் எங்கோ கேட்ட வார்த்தை. பொருள் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றுகொண்டது. மறுபடியும் சொல்லச் சொன்னேன். அவள் மறுபடியும் சொன்னாள். யாழினி சிரித்தாள். எனக்குப் புரியவில்லை.

"என்ன சொல்றா?" என்று மகளைக் கேட்டேன்.

யாழினி போனைக் கையால் பொத்திக்கொண்டு, என் பக்கம் திரும்பி, பொறுமையாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஸ்ரீஜா அன்று பட்ட பதற்றத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது என்பதை எனக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்துச் சொன்னாள்.